மழை பெய்தால் மட்டும் வரும் எரர்

எங்கள் சித்தப்பா வீட்டு மொட்டை மாடியில் 3 கிலோவாட் சோலார் போட்டு ஒன்றரை வருஷம் ஆகிறது. 6 பேனல். பி.எம். சூர்ய கர் திட்டத்தில் 78,000 ரூபாய் மானியமும் கைக்கு வந்துவிட்டது. அன்றிலிருந்து அந்த வீட்டுக்கு யார் போனாலும் காபிக்கு முன்னாடி இன்வெர்ட்டர் ஆப்தான் வரும். "இன்னிக்கு எத்தனை யூனிட் ஓடியிருக்கு பாரு" என்று போனை நீட்டுவார்.

போன புரட்டாசியில் ஒருநாள் ராத்திரி முழுக்க மழை. காலையில் ஆப்பில் சிவப்பு எழுத்து: 'ஐசோ ஃபால்ட்'. சோலார் போட்ட அண்ணனுக்கு சித்தப்பா போன் போட்டார். "மழை பெஞ்சா அப்படித்தாங்க சார் காட்டும். வெயில் வந்தா தானா சரியாயிடும்." சொன்ன மாதிரியே பத்தரை மணிக்கு வெயில் வந்தது, எரர் போனது, யூனிட் ஏற ஆரம்பித்தது. சித்தப்பா ஹேப்பி. அடுத்த மழைக்கும் அதே எரர், அதே வெயில், அதே ஹேப்பி.

நீங்கள் ஈ.ஈ.ஈ. படிக்கிறவர் என்றால் உங்கள் வீட்டிலும் இது நடந்திருக்கும். "நீ கரண்ட்டுதானே படிக்கிற, இதைக் கொஞ்சம் பாரேன்." மிக்ஸி ஓடலைன்னாலும் நாம்தான், டிவி தெரியலைன்னாலும் நாம்தான். தீபாவளி லீவில் எனக்கும் அந்த அழைப்பு வந்தது. மாடிக்கு ஏறினேன். ஏறியதால்தான் இந்தக் கட்டுரை.

நான் சொல்ல வருவது ஒன்றுதான். சோலார் போடும்போது பேனல் எந்தக் கம்பெனி, இன்வெர்ட்டர் எந்தக் கம்பெனி, மானியம் எவ்வளவு, எத்தனை வருஷத்தில் போட்ட காசு திரும்பும் என்று எல்லாம் கேட்கிறோம். பேனலிலிருந்து இன்வெர்ட்டர் வரைக்கும் வெயிலிலும் மழையிலும் கிடக்கும் அந்த இரண்டு டி.சி. கேபிளைப் பற்றியும், கூடவே இறங்க வேண்டிய எர்த் கம்பியைப் பற்றியும் ஒருத்தரும் கேட்பதில்லை. கொட்டேஷனில் அது 'இதர பொருட்கள்' என்று கடைசி வரியில் இருக்கும். மொத்த பில்லில் சின்னப் பங்கு. ஆனால் ஆளைக் கொல்லவோ வீட்டை எரிக்கவோ வாய்ப்புள்ள பகுதி எது என்று கேட்டால், அந்தக் கடைசி வரியைத்தான் நான் காட்டுவேன்.

மாடியில் பார்த்தது

முதலில் கண்ணில் பட்டது எர்த். பேனல் நிற்கும் ஜி.ஐ. ஸ்ட்ரக்சரிலிருந்து ஒரு ஜி.ஐ. பட்டை சுவரோரமாக அழகாக இறங்கி வந்தது. கீழே எர்த் குழி இருந்தது. மூடி இருந்தது, மேலே சோலார் எர்த் என்று பெயிண்டில் எழுதியும் இருந்தது. மூடியைத் திறந்தேன். பட்டையின் முனையில் துளை இருந்தது. குழிக்குள் இருந்த பைப்பின் கிளாம்பிலும் துளை இருந்தது. போல்ட்டைத்தான் காணோம். இரண்டும் ஒன்றையொன்று பார்த்தபடி அரை அங்குலம் தள்ளி நின்றன. பில்லில் எர்த்திங் இருக்கிறது. போட்டோவில் எர்த்திங் இருக்கிறது. வீட்டில் எர்த்திங் இல்லை.

இரண்டாவது, கேபிள். கட்டி வைத்திருந்த வெள்ளை நைலான் டைகளில் பாதி வெயிலில் உடைந்து விழுந்திருந்தன. பேனலுக்கு அடியில் கேபிள் துணிக்கொடி மாதிரி தொங்கியது. நிஜமான துணிக்கொடியும் அங்கே இருந்தது. சித்தி அதன் ஒரு முனையை சோலார் ஸ்ட்ரக்சரின் காலில்தான் கட்டியிருந்தார். ஈரத் துணியோடு, ஈரத் தரையில் வெறுங்காலோடு நின்று, தினமும்.

எலக்ட்ரீஷியன் அண்ணனைக் கூப்பிட்டோம். மறுநாள் விடிவதற்கு முன்னால், ஏ.சி. பக்கமும் டி.சி. ஐசோலேட்டரும் ஆஃப் செய்துவிட்டு, கையுறை போட்டு, ஒரே ஒரு போல்ட்டை முடுக்கினார். வேலை முடிந்தது என்று நினைத்தோம்.

அன்றைக்கு மேகமே இல்லை. சுள்ளென்று வெயில். ஆனால் இன்வெர்ட்டரில் ஐசோ ஃபால்ட்! பத்தரை ஆச்சு, பன்னிரண்டு ஆச்சு, எரர் போகவே இல்லை. சித்தப்பா என்னை ஒரு பார்வை பார்த்தார். "நல்லா ஓடிட்டு இருந்ததைக் கெடுத்துட்டியேடா."

கெடுக்கலை சித்தப்பா. கண்ணைத் திறந்து விட்டிருக்கோம்.

எரர் ஏன் வெயிலில் மறைந்தது?

வீடுகளில் போடும் இன்வெர்ட்டர்கள் பெரும்பாலும் டிரான்ஸ்ஃபார்மர் இல்லாதவை. தினமும் காலையில் கிரிட்டோடு இணைவதற்கு முன்னால் அவை ஒரு சோதனை செய்யும். பேனலின் பிளஸ், மைனஸ் இரண்டுக்கும் பூமிக்கும் நடுவில் எவ்வளவு இன்சுலேஷன் ரெசிஸ்டன்ஸ் இருக்கிறது என்று அளக்கும். குறைவாக இருந்தால் 'ஐசோ ஃபால்ட்' காட்டி இணையாமல் நின்றுவிடும். கேபிள் எங்கோ ஸ்ட்ரக்சரைத் தொடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஸ்ட்ரக்சர் எர்த் ஆகியிருந்தால் இன்வெர்ட்டருக்கு உடனே தெரியும். எர்த் ஆகவில்லை என்றால்? ஸ்ட்ரக்சர் கான்கிரீட் மேல் சும்மா நிற்கும் ஒரு இரும்பு. காய்ந்த கான்கிரீட் வழியாக பூமிக்குப் பெரிதாக வழி இல்லை. இன்வெர்ட்டர் அளந்து பார்த்து, எல்லாம் ஓகே என்று ஓட ஆரம்பித்துவிடும்.

மழை பெய்தால் தளமும் சுவரும் நனைந்து, அந்த இரும்புக்கும் பூமிக்கும் ஒரு அரைகுறை இணைப்பு உண்டாகிறது. அப்போது மட்டும் எரர் தெரிகிறது. வெயிலில் காய்ந்ததும் இணைப்பு அறுந்துவிடும். பழுது அப்படியேதான் இருக்கும். அதைப் பார்க்கும் கண்தான் போய்விடும். "வெயில் வந்தா சரியாயிடும்" என்பதற்கு உண்மையான அர்த்தம் இதுதான்: வெயில் வந்தால் ஸ்ட்ரக்சரில் கரண்ட் இருப்பது யாருக்கும் தெரியாது.

அன்று சாயந்திரம் தேடியபோது மூன்றாவது பேனலுக்கு அடியில் கிடைத்தது. ஸ்ட்ரக்சரின் வெட்டிய விளிம்பில் கேபிள் காற்றில் உரசி உரசி, இரண்டு உறையும் தேய்ந்து, ஒரு நெல் அளவுக்கு உள்ளிருந்த கம்பி வெளியே தெரிந்தது. சித்தி கொடி கட்டிய கால், அதே ஸ்ட்ரக்சரின் கால்.

எர்த் என்றால் ஷாக் அடிக்காமல் காப்பாற்றும் ஒரு கம்பி என்று மட்டுமே பலர் நினைக்கிறார்கள். சோலாரில் அதற்கு இன்னொரு வேலையும் உண்டு. பழுதைக் காட்டிக்கொடுக்கும் வேலை. கேபிளை ஒழுங்காகப் பாதுகாப்பது பழுது வராமல் இருக்க. எர்த் செய்வது, அதையும் மீறி வந்தால் ஒளிந்துகொள்ள விடாமல் இருக்க. ஒன்றைச் செய்து இன்னொன்றை விட்டால் பாதி வேலைகூட ஆகாது.

ஸ்விட்ச் இல்லாத கம்பி

"என்ன பெரிய விஷயம், எம்.சி.பி. ட்ரிப் ஆகிடுமே" என்று நீங்கள் கேட்கலாம். நானும் செகண்ட் இயர் வரைக்கும் அப்படித்தான் நினைத்தேன்.

வீட்டு ஏ.சி. மின்சாரம் ஒரு செகண்டில் 100 தடவை பூஜ்ஜியத்தைத் தொடுகிறது. எங்காவது தீப்பொறி வந்தாலும் அந்தப் பூஜ்ஜியத்தில் அணைய வாய்ப்பு கிடைக்கிறது. டி.சி.யில் பூஜ்ஜியமே கிடையாது. ஆர்க் பிடித்தால் பிடித்ததுதான். வெல்டிங் கடையில் பார்ப்பீர்களே, அதே சங்கதி. இப்போது வரும் 540 வாட் பேனல் ஒன்று லோடு இல்லாதபோது கிட்டத்தட்ட 50 வோல்ட் கொடுக்கும். ஆறை சீரிஸில் போட்டால் 300 வோல்ட். ஆர்க் பிடிக்க இது தாராளம்.

அடுத்தது ஃபியூஸ். அதே பேனலின் லேபிளைப் பாருங்கள். நன்றாக ஓடும்போது 13 ஆம்பியர், ஷார்ட் ஆனால் சுமார் 14 ஆம்பியர். வித்தியாசம் அவ்வளவுதான். வீட்டு லைனில் ஷார்ட் ஆனால் நூற்றுக்கணக்கான ஆம்பியர் பாய்ந்து எம்.சி.பி. விழும். இங்கே ஒரே ஸ்ட்ரிங் ஷார்ட் ஆனாலும் ஃபியூஸுக்கு எதுவும் நடந்ததாகவே தெரியாது.

மூன்றாவதுதான் முக்கியம். இன்வெர்ட்டரை ஆஃப் செய்தாலும், ஈ.பி. லைனே இல்லாவிட்டாலும், வெயில் இருக்கும்வரை பேனலிலிருந்து ஐசோலேட்டர் வரைக்கும் அந்தக் கேபிளில் வோல்டேஜ் இருக்கும். சூரியனுக்கு மெயின் ஸ்விட்ச் இல்லை. அதனால் அந்தக் கேபிளுக்கு நாம் கொடுக்கிற பாதுகாப்பு எல்லாமே போடும் நாளில் கொடுப்பதுதான்.

கண்ணுக்குத் தெரியாத முதல் பழுது எவ்வளவு மோசம் என்பதற்கு இந்தத் துறையில் அடிக்கடி சொல்லப்படும் உதாரணம் ஒன்று உண்டு. 2009 ஏப்ரலில் அமெரிக்காவின் கலிபோர்னியாவில், பேக்கர்ஸ்ஃபீல்ட் நகரில், ஒரு பெரிய கடையின் கூரை சோலாரில் தீப்பிடித்தது. ஒரு சின்ன கம்பியில் வந்த எர்த் ஃபால்ட்டை அங்கிருந்த பாதுகாப்புக் கருவி கண்டுபிடிக்கவில்லை. அது பாட்டுக்கு இருந்தது. பிறகு ஒரு பெரிய கேபிளில் இரண்டாவது பழுது வந்தபோது, முதல் பழுது வழியாகச் சுற்று முழுமையாகி, சின்ன கம்பி தாங்காத மின்னோட்டம் பாய்ந்தது. நம் சித்தப்பா வீட்டில் முதல் பழுது ரெடியாக இருந்தது. இரண்டாவதுக்கு ஒரு அணில் போதும்.

போடும்போது என்ன பார்க்கணும்?

கேபிளை முதலில் கையில் வாங்கி மேலே அச்சடித்திருப்பதைப் படியுங்கள். சோலாருக்கான டி.சி. கேபிளில் ஐ.எஸ். 17293 அல்லது ஈ.என். 50618 என்று இருக்கும். ஈயம் பூசிய செம்புக் கம்பி, இரட்டை உறை, 1500 வோல்ட் டி.சி., வெயிலைத் தாங்கும் உறை. சாதாரண பி.வி.சி. ஹவுஸ் வயர் சுவருக்குள் பல வருஷம் நன்றாக இருக்கும். அதையே மொட்டை மாடி வெயிலில் போட்டால் உறை கெட்டியாகி வெடிக்கும்.

நல்ல கேபிள் வாங்கினால் மட்டும் போதாது, சித்தப்பா வீட்டில் இருந்ததும் நல்ல கேபிள்தான். தரையில் கிடக்கக் கூடாது, தொங்கக் கூடாது, கூரான விளிம்பில் படக் கூடாது. பேனல் நிழலிலேயே, வெயில் தாங்கும் கறுப்பு டையோ ஸ்டீல் கிளிப்போ போட்டுக் கட்ட வேண்டும். விளிம்பைத் தாண்டும் இடத்தில் ரப்பர் புஷ் வேண்டும்.

சுவரில் இறங்கும் பகுதிக்குப் பைப் போடுவார்கள். அதிலும் இரண்டு தவறு நடக்கிறது. ஒன்று, பைப்பின் வாய் வானத்தைப் பார்த்து இருப்பது. மழைத் தண்ணீர் நேராக இன்வெர்ட்டர் பெட்டிக்கு வரும். வாய் கீழ் நோக்கி வளைந்திருக்க வேண்டும், கேபிளும் உள்ளே போகுமுன் கொஞ்சம் தொங்கி ஏற வேண்டும், சொட்டு அங்கேயே விழுந்துவிடும். இன்னொன்று, பைப்பை இறுக்கமாகப் பூட்டிவிடுவது. 10 மீட்டர் பி.வி.சி. பைப், ராத்திரிக்கும் மதியத்துக்கும் 30 டிகிரி வித்தியாசம் இருந்தால், ஒன்றரை சென்டிமீட்டருக்கு மேல் நீளும். இடம் விடவில்லை என்றால் இணைப்பு பிய்ந்து, பைப்பின் விளிம்பே கேபிளை அறுக்கும்.

எம்.சி.4 கனெக்டரில் ஆணும் பெண்ணும் ஒரே கம்பெனியாக இருக்கட்டும். வேறு வேறு கம்பெனி 'கிளிக்' என்று மாட்டிக்கொள்ளும், ஆனால் உள்ளே சரியாகப் பொருந்தியிருக்கும் என்று சொல்ல முடியாது. பொருந்தாத இடம் சூடாகும். கட்டிங் பிளேயரால் நசுக்கி கிரிம்ப் செய்யும் காட்சியைப் பார்த்தால் அங்கேயே வேலையை நிறுத்துங்கள். அதற்குத் தனி டூல் உண்டு.

பிளஸ், மைனஸ் கேபிள்களை ஒட்டியே கொண்டுபோகச் சொல்லுங்கள். ஒன்று மாடியின் கிழக்குப் பக்கம், இன்னொன்று மேற்குப் பக்கம் என்று சுற்றி வந்தால், இரண்டுக்கும் நடுவில் மொட்டை மாடி அளவுக்கு ஒரு லூப். பக்கத்தில் எங்காவது இடி விழுந்தால், ஃபாரடே விதிப்படி அந்த லூப்பில் வோல்டேஜ் தூண்டப்படும். லூப் பெரிதானால் வோல்டேஜும் பெரிது. காசே செலவில்லாத மின்னல் பாதுகாப்பு இது. எக்ஸாமில் நாலு தடவை எழுதினோம், மாடியில் மறந்துவிட்டோம்.

இனி எர்த். பேனலின் அலுமினிய ஃபிரேம் மேல் ஒரு ஆனோடைஸ் பூச்சு இருக்கும். அது மின்சாரத்தைக் கடத்தாது. சும்மா போல்ட் போட்டால் ஃபிரேம் எர்த் ஆகிவிட்டது என்று அர்த்தம் இல்லை. பூச்சைக் கீறி உள்ளே போகும் பல்லுள்ள வாஷர் வேண்டும். செம்புக் கம்பியை நேராக அலுமினியத்தில் வைத்து முடுக்கினால், கடலோர ஊர்களில் சீக்கிரமே அரித்துவிடும், ஈயம் பூசிய லக் போட வேண்டும். கடைசியில் மல்டிமீட்டரின் ஒரு முனையைக் கடைசி பேனல் ஃபிரேமிலும், இன்னொன்றை எர்த் குழியிலும் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். ஒரு நிமிஷ வேலை. சித்தப்பா வீட்டில் அந்த ஒரு நிமிஷத்தை யாரும் செலவழிக்கவில்லை.

எஸ்.பி.டி. பற்றி ஒரு வரி. சர்ஜ் வந்தால் அதைப் பூமிக்குத் தள்ளிவிடுவது அதன் வேலை. பூமிக்கு வழியே இல்லாத வீட்டில் அது ஒரு பச்சை லைட் பெட்டி மட்டும்தான். அதிலிருந்து எர்த்துக்குப் போகும் கம்பியும் குட்டையாக, வளைவு இல்லாமல் இருக்க வேண்டும்.

டி.சி.க்கு ஒன்று, ஏ.சி.க்கு ஒன்று, இடிதாங்கிக்கு ஒன்று என்று மூன்று குழி தோண்டுவது நம் ஊர் வழக்கம். மூன்றையும் தனித்தனியாக விட்டால்தான் சேஃப் என்று சொல்வார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். 20,000 ஆம்பியர் மின்னல் 5 ஓம் குழியில் இறங்கினால் அந்தக் குழி 1 லட்சம் வோல்ட்டுக்கு ஏறும். பக்கத்துக் குழி பூஜ்ஜியத்தில் நிற்கும். நடுவில் மாட்டுவது இன்வெர்ட்டர். மின்னல் பாதுகாப்புக்கான ஐ.எஸ்./ஐ.ஈ.சி. 62305 தரம் எல்லா எர்த்தையும் இணைத்துச் சமநிலையில் வைக்கச் சொல்வது இதனால்தான். குழி எத்தனை என்பதைவிட அவை ஒன்றோடொன்று சேர்ந்திருக்கிறதா என்பதுதான் கேள்வி.

யாரைச் சொல்வது?

போல்ட் போடாத அந்த அண்ணனைத் திட்டி முடித்துவிடலாம். ஆனால் அது நியாயம் இல்லை. உச்சி வெயிலில் சூடான இரும்பின் மேல் நின்று, சாயந்திரத்துக்குள் அடுத்த வீட்டுக்கு ஓட வேண்டிய வேலை அது. அவருக்கு கிலோவாட் கணக்கில் கூலி. போல்ட் கணக்கில் இல்லை. இன்னொரு பக்கம், நாலு கொட்டேஷன் வாங்கி, கடைசி இரண்டாயிரம் ரூபாய்க்கு மல்லுக்கட்டி, "அவர் குறைச்சுத் தர்றார்" என்று பேரம் பேசுவது நாம்தான். பேனல் விலையில் அவரால் குறைக்க முடியாது. குறைக்க முடிந்த இடம் கேபிள், டை, பைப், லக், எர்த். நாம் அடித்த பேரம் அங்கேதான் போய் விழுகிறது.

நம் டிபார்ட்மெண்டும் தப்பிக்க முடியாது. எம்.பி.பி.டி. அல்காரிதத்தை மேட்லாபில் சிமுலேட் செய்யும் ப்ராஜெக்ட் ஒவ்வொரு பேட்சிலும் நாலாவது வரும். நானும் ஒன்றில் இருக்கிறேன், அதனால் கிண்டல் செய்ய உரிமை உண்டு. ஆனால் நம் கிளாஸில் ஒரு எம்.சி.4 கனெக்டரைக் கிரிம்ப் செய்யத் தெரிந்தவர்கள் எத்தனை பேர்? மெகர் வைத்து ஒரு பேனல் ஸ்ட்ரிங்கின் இன்சுலேஷனை அளந்தவர்கள்? எக்ஸ்ட்ரா ஒரு சதவீதம் எஃபிஷியன்சிக்கு பேப்பர் எழுதுகிறோம், அந்த மின்சாரம் வரும் கம்பியைப் பார்க்க மாடி ஏறுவதில்லை.

2024-ல் தொடங்கிய சூர்ய கர் திட்டத்தின் இலக்கு 1 கோடி வீடு. இவை எக்ஸ்பர்ட் யாரும் இல்லாத, துணி காயப் போடும், வத்தல் போடும், குழந்தைகள் ஓடும் மொட்டை மாடிகள். என் கருத்தில், வேலை முடிந்து ஒப்படைக்கும்போது வாடிக்கையாளர் கையில் ஒரே ஒரு தாள் கட்டாயம் வர வேண்டும். அதில் நாலு எண் போதும்: ஸ்ட்ரிங் வோல்டேஜ், டி.சி. கேபிளின் இன்சுலேஷன் ரெசிஸ்டன்ஸ், எர்த் குழியின் ரெசிஸ்டன்ஸ், ஃபிரேமிலிருந்து குழி வரைக்கும் கன்டினியூட்டி. அந்தத் தாள் இல்லாமல் கடைசித் தவணைப் பணம் கொடுக்காதீர்கள். அரசு ஒரு விதி போடும்வரை காத்திருக்க வேண்டாம், பணம் நம் கையில்தான் இருக்கிறது.

ஏற்கெனவே சோலார் போட்டாச்சா? இந்த ஞாயிற்றுக்கிழமை மாடிக்கு ஏறுங்கள். எதையும் தொட வேண்டாம், எம்.சி.4-ஐப் பிடுங்கிப் பார்க்கும் வீரம் வேண்டவே வேண்டாம், ஓடும்போது பிடுங்கினால் கையிலேயே ஆர்க் அடிக்கும். போனில் போட்டோ மட்டும் எடுங்கள். பேனலுக்கு அடியில் கேபிள் எப்படி இருக்கிறது, பைப்பின் வாய் எங்கே பார்க்கிறது, எர்த் பட்டை எங்கே முடிகிறது. சந்தேகம் இருந்தால் தெரிந்தவரைக் கூப்பிடுங்கள். மழைக்கு மட்டும் எரர் வருகிறது என்றால் சந்தேகமே வேண்டாம், உடனே கூப்பிடுங்கள்.

சித்தப்பா வீட்டில் கேபிளை மாற்றி, விளிம்பில் புஷ் போட்டு, புது டை கட்டியாச்சு. கார்த்திகையில் மூன்று நாள் விடாமல் மழை பெய்தது. எரர் வரவில்லை. சித்தப்பா வழக்கம்போல போனை நீட்டி யூனிட்டைக் காட்டினார்.

சித்தி துணிக்கொடியை அவிழ்த்து வாட்டர் டேங்க் தூணில் கட்டிவிட்டார். அதை யாரும் அவரிடம் சொல்லவில்லை. அவருக்குப் புரிந்துவிட்டது.